இன்றைய சிறிய டீசல் எஞ்சின்கள் முன்போல் 'டக டக'வென்று இடிக்காதது ஏன்?

டீசலைப் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக் அல்ல, அழுத்தத்தால் சூடேறிய காற்று. தெளித்த டீசல் தீப்பிடிக்கச் சற்றே தாமதமாகும். அதற்குள் சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரே கணத்தில் எரிவதுதான் அந்த இடி.

இதை அடக்கியது காமன் ரெயில். டீசலைத் தெளிக்கும் முனைகளான எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் 2000 பார் (அழுத்த அலகு) அளவுக்கு அழுத்தத்தில் காத்திருக்கும். கணினி சொன்னதும் இன்ஜெக்டர் முதலில் ஒரு துளியை மட்டும் தெளிக்கும். அது எரிந்து எரியும் அறை சூடான பிறகே பெரும்பங்கு வரும்; அதனால் அது சேர்ந்துவிடாமல் உடனே பற்றிக்கொள்ளும். திரிக்கு முதலில் நெருப்பு வைப்பதுபோல. கார்களில் இது 1997இல், ஆல்ஃபா ரோமியோ 156இல் வந்தது.

சிறிய எஞ்சினுக்கு இழுவை தருவது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ. என் கணிப்பில், அதைவிடப் பெரிய சாதனை இந்த முதல் துளிதான்.