64 பேருக்கு ஒரு ஷெரீஃப்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கவுண்ட்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மக்கள்தொகையே 64தான் என்று படித்தேன். அச்சுப்பிழையா? நிஜம் என்றால், 64 பேருக்குத் தனி நிர்வாகம் எதற்கு?

பதில்: அச்சுப்பிழை இல்லை. அது டெக்சஸின் மேற்கில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிய லவிங் கவுண்ட்டி. 2020 கணக்கெடுப்பில் 64 பேர். பரப்பு ஏறக்குறைய 1,750 சதுர கிலோமீட்டர், அதாவது ஆளுக்கு 27! பெயருக்கும் அன்புக்கும் சம்பந்தமில்லை. 1867-ல் பெக்கோஸ் ஆற்றோரம் கோமான்சி என்ற பழங்குடியினரின் தாக்குதலில் காயமடைந்து, பிறகு இறந்துபோன மாட்டு வியாபாரி ஆலிவர் லவிங்கின் பெயர் அது.

ஒருமுறை டெக்சஸின் ஒடெசா நகரிலிருந்து கார்ல்ஸ்பாட் குகைகளைப் பார்க்க 302-ஆம் எண் சாலையில் போனோம். "மாமா, இதுதான் தலைநகர்" என்று மாப்பிள்ளை மென்டோனைக் காட்டினார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் ஊர் முடிந்துவிட்டது. ஆனால் சாலை முழுக்க லாரி. 64 பேர் ஊரில் இத்தனை லாரியா என்று எனக்கும் குழப்பம்தான். விஷயம் இதுதான்: அது எண்ணெய் வயல். வேலைக்கு வந்து முகாமில் தங்குகிறவர்களை, அவர்களுடைய சொந்த வீடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கணக்கில் சேர்ப்பார்கள். 1940-ல் இதே கவுண்ட்டியில் 285 பேர் இருந்தார்கள்.

சரி, நிர்வாகம். டெக்சஸில் 254 கவுண்ட்டிகள். பெரிதோ சிறிதோ, ஒரே அமைப்புதான்: ஒரு நீதிபதி, நான்கு கமிஷனர்கள், ஒரு ஷெரீஃப் (காவல்துறைத் தலைவர்). நீதிபதி என்று பெயரே தவிர, முக்கிய வேலை நிர்வாகம். கலெக்டர் மாதிரி மேலிருந்து யாரும் வர மாட்டார்கள். எல்லோரும் தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள். டெக்சஸில் தேர்தலில் ஜெயித்த முதல் பெண் ஷெரீஃப் 1945-ல் பதவிக்கு வந்ததும் இங்கேதான். செலவுக்குப் பணம்? எண்ணெய், எரிவாயுச் சொத்துகள் மீதான வரி.

இந்த நிர்வாகத்தை ஒருமுறை கலைத்தும் பார்த்தார்கள். 1893-ல் பாசனக் கால்வாய் வெட்டப்போகிறோம் என்று வந்த ஒரு கூட்டம் கவுண்ட்டியை அமைத்தது. மோசடி வெளிப்பட்டதும் 1897-ல் அதைக் கலைத்துப் பக்கத்து ரீவ்ஸ் கவுண்ட்டியோடு சேர்த்தார்கள். எண்ணெய் கிடைத்த பிறகு 1931-ல் மறுபடி உயிர் வந்தது.

இன்னொரு கோடியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டி. ஒரு கோடி மக்கள், அவர்களுக்கும் ஐந்து பேர் கொண்ட மேற்பார்வைக் குழுதான். அதை ஒன்பதாக்கலாம் என்று மக்கள் ஓட்டுப் போட்டதே 2024-ல்தான்.