ஃபிளை லைன் ஒட்டுகிறது, நுனி மூழ்குகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

கேள்வி கேட்டவர் கெடா பக்கம் செம்பனைத் தோட்டக் குட்டைகளில் தோமான் மீன் பிடிப்பவராம். ஃபிளை லைன் என்பது செயற்கைப் பூச்சியை வீசிப் பிடிக்கும் தூண்டிலின் தடித்த கயிறு. அவருடையது 8 எண் (எடையைக் குறிக்கும் எண்) மிதக்கும் லைன், வாங்கி ஒரு வருடமாகிறது, கழுவியதே இல்லை. இப்போது கம்பின் வளையங்களில் ஓடாமல் இழுத்துப் பிடிக்கிறது, நுனி தண்ணீருக்குள் போய்விடுகிறது என்கிறார்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதலில் கழுவுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

நான் சுங்கை சிப்புட்காரன். லிந்தாங் பக்கம் சுங்கை பிளஸ் ஆற்றில் செபராவ் மீன், மழைக்குப் பிறகு ஆறு கலங்கிவிட்டால் செண்டரோ ஏரி, அதுவும் முடியாத நாளில் வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்து பாரிட்டில் (வாய்க்காலில்) ஹாருவான் மீன். இதுதான் என் சுற்று. அந்த பாரிட் தண்ணீரில் இரண்டு மணி நேரம் லைனை வீசி இழுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணியில் பிடித்து உருவிப் பாருங்கள். துணியில் கறுப்பாக ஒரு கோடு விழும். பாசியும் செம்மண்ணும் அழுகின ஓலைச் சாறும் சேர்ந்த கோடு அது. உங்கள் லைன் ஒரு வருடமாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், தங்சி (நைலான் நரம்பு) அதன் பின்னால் போகும். இதில் தலைகீழ். பூச்சிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, லைன்தான் எடை. 8 எண் லைனில் முதல் 30 அடி சுமார் 13.6 கிராம். வீசும்போது மீதி லைனும் வளையங்களில் வழுக்கிக்கொண்டு போனால்தான் தூரம் கிடைக்கும். மேலே அழுக்கு பிடித்தால் வழுக்காது. அந்த அழுக்கிலுள்ள மணல் வளையத்தையும் லைனையும் சேர்த்து அராவும். மிதப்பதும் கெடும். நடுவில் ஒரு பின்னல் நூல், அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் கண்ணாடி உருண்டைகள்: மிதக்கும் லைன் பெரும்பாலும் இப்படித்தான் செய்யப்படுகிறது. உருண்டைக்குள் இருக்கும் காற்றுதான் மிதக்க வைக்கிறது. நுனி மெல்லிசாக இருப்பதால் அங்கே அந்தக் காற்று குறைவு. அதனால் அழுக்கு ஏறினால் முதலில் மூழ்குவது நுனிதான்.

சரி, கழுவும் விதம். இரண்டு வாளி. ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் மென்மையான கை கழுவும் சோப்பு நாலைந்து சொட்டு. இன்னொன்றில் வெறும் தண்ணீர். எங்கள் ஊரில் மதியம் பைப்பைத் திறந்தாலே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, அடுப்புப் பக்கம் போக வேண்டியதில்லை. ரீலிலிருந்து லைனை உருவி, சோப்புத் தண்ணீருக்குள் சுருள் சுருளாக, ஒன்றன்மேல் ஒன்றாக விழவிடுங்கள். விழுந்ததைக் கிளறக் கூடாது. முதல் தடவை நான் துணி அலசுவதுபோல் கையை விட்டு ஒரு சுற்று சுற்றினேன். சிக்கெடுக்க ராத்திரி பத்து மணி ஆயிற்று. கால் மணி நேரம் ஊறட்டும். அப்புறம் மேலே இருக்கும் முனையைப் பிடித்து, ஈரமான மைக்ரோஃபைபர் துணியை மடித்து அதற்குள் லைனை வைத்து, விரலால் லேசாக அழுத்தி உருவிக்கொண்டே அடுத்த வாளிக்குள் விடுங்கள். துணியில் கோடு விழ விழ இடத்தை மாற்றுங்கள். ஒரு வருட அழுக்கு என்றால் முதல் வாளி தே தாரேக் நிறத்துக்கு வந்துவிடும். தண்ணீரை மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள். கடைசியாகக் காய்ந்த துணியில் உருவி, நிழலில் தளர்வாகப் போட்டுக் காயவிட வேண்டும்.

பாத்திரம் தேய்க்கும் நார், மோட்டார் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே, தின்னர், பெட்ரோல் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். பூச்சு வளைந்து கொடுப்பதே அதற்குள் கலந்திருக்கும் மென்மையாக்கும் பொருளால்தான். அது போய்விட்டால் லைன் விறைத்து வெடித்துவிடும்.

கழுவிக் காய்ந்த பிறகுதான் லைனுக்கென்றே விற்கும் சிலிக்கான் வகை மெருகுத் திரவம். துணியில் கொஞ்சம் எடுத்து மெல்லிசாகத் தடவி, பத்து நிமிடம் விட்டு, வேறு துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் அதுவே தூசியைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் செய்வதும் இதேதான்: இரண்டு நாள் வழுக்கும், மூன்றாம் நாள் தோட்டத்துச் செம்மண் முழுவதும் அதன்மேல். எண்ணெய் தடவும் பழக்கம் பழைய காலத்துப் பட்டு லைனிலிருந்து வந்திருக்கலாம். அதற்குக் கொழுப்பு பூசினால்தான் மிதக்கும், மீன் பிடித்து வந்ததும் ரீலிலிருந்து கழற்றி உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். 1950களில் பிளாஸ்டிக் பூச்சு வந்த பிறகு அந்த வேலையே இல்லை.

இனி, கழுவியும் சரியாகாத விஷயங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஒன்று, கொசு மருந்து. சாயங்காலம் பாரிட் ஓரம் நின்றால் கொசு தூக்கிக்கொண்டு போய்விடும், டெங்கி பயம் வேறு. ஒருநாள் கை நிறைய ஸ்பிரே அடித்துத் தேய்த்துவிட்டு அப்படியே லைனைப் பிடித்து இழுத்தேன். அடுத்த வாரம் ரீலைத் திறந்தால் முன்பக்கம் இரண்டு மூன்று அடிக்கு லைன் பிசுபிசுவென்று, என் விரல் பதிந்த பள்ளம்கூடத் தெரிந்தது. டீட் (DEET) என்ற மருந்து சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். புட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது நான் புறங்கையால்தான் தேய்த்துக்கொள்கிறேன், உள்ளங்கை படுவதில்லை. பட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கழுவாமல் லைனைத் தொடுவதில்லை. வெயில் கிரீமும் அப்படித்தான்.

இரண்டு, தப்பான லைன். குளிர் நாட்டு மீனுக்காகச் செய்த லைன் நம் வெயிலில் இளகிவிடும். ஒரு கடையில், பெயர் வேண்டாம், "எல்லாம் ஒரே சாமான்தான் அண்ணே" என்று 300 வெள்ளிக்கு மேல் வாங்கிக்கொண்டு அப்படி ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். காலையில் ஏழு மணிக்கு அருமையாக ஓடும். பன்னிரண்டு மணிக்கு ஒட்டுப்பால் மாதிரி கையோடு வரும். என் அப்பா பால்வெட்டுக்காரர். அந்த லைனைத் தொட்டுப் பார்த்து, "இதைக் காசு கொடுத்தா வாங்கினே?" என்றார். கழுவிய பிறகும் உங்கள் லைன் காலையில் ஓடி மதியம் நின்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். வெப்ப மண்டலத்துக்கென்று செய்த லைனின் பூச்சு கெட்டியானது, அதை வாங்குங்கள்.

கார் பூட்டில் ரீலை வைத்துவிட்டு வெயிலில் நிறுத்துவதும் லைனுக்கு ஆகாது. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, செய்யாதீர்கள்.

நுனி மட்டும் இன்னும் மூழ்கினால் முடிச்சுப் பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பூச்சு வெடித்திருந்தாலோ, வெட்டிய முனை திறந்திருந்தாலோ உள்நூல் திரிபோல் தண்ணீரைக் குடிக்கும். நன்றாகக் காயவைத்து, ஒரு சொட்டுப் பசையால் முனையை அடைத்தால் போதும். வெடிப்பு நீளமாக இருந்தால் லைன் முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூம்பும் லைனாக இருந்தால் மட்டும் திருப்பிப் போட்டுப் புது முனையில் ஓட்டலாம். தோமானுக்கு என்றால் உங்களுடையது முன்பாரம் கொண்ட லைனாகத்தான் இருக்கும், அதைத் திருப்ப முடியாது.

நான் இரண்டு மூன்று முறை போய் வந்ததும் ஒரு தடவை கழுவுவேன், பாரிட் என்றால் அன்றைக்கே. "மீன் கொண்டு வர மாட்டார், கயிறு கழுவ மட்டும் வாளி வேண்டும்" என்று வீட்டில் பேச்சு. அந்த வாளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: துணி ஊறவைக்கும் வாளியை எடுக்காதீர்கள். அடியில் வாஷிங் பவுடர் ஒட்டியிருக்கும், அந்தக் காரம் லைனின் வழவழப்பை உரித்துவிடும். பாசார் மாலாமில் தனியாக இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலும் சண்டை இருக்காது.