மாரடைப்பை அல்ல, தொடர்சிகிச்சையை எண்ணிக் காட்டுங்கள்

வணக்கம். ஓராண்டு ரத்த அழுத்தத் தடுப்புத் திட்டத்துக்கு அரசு மானியம் கேட்டதாகவும், 'விளைவை அளக்க வழியில்லை' என்று திருப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மனம் தளர வேண்டாம், இது சரிசெய்யக்கூடிய குறைதான்.

சிக்கல் உங்கள் இலக்கில் இருக்கிறது. 'எங்கள் பகுதியில் மாரடைப்பைக் குறைப்பது' என்கிறீர்கள். சிறிய பகுதியில் ஒரே ஆண்டில் அது எண்ணிக்கையில் தெரியாது. பின்லாந்தின் வட கரேலியாவில் 1972இல் தொடங்கிய இதயநோய்த் தடுப்புத் திட்டம் ஒரு மாகாணம் முழுவதற்குமானது. 25 ஆண்டுகள் நடந்தது.

உங்களால் எண்ண முடிந்ததை எழுதுங்கள். எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் அளப்பீர்கள், அது 140/90க்கு மேல் இருப்பவர்களில் எத்தனை பேர் மருத்துவரிடம் போய்ச் சேருவார்கள், ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கும். இதில் நடுவில் உள்ளதுதான் உயிர்நாடி. முகாமில் கண்டுபிடித்துவிட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பினால் யாருக்கும் பயனில்லை. நீங்கள் அனுப்புகிறவர்களைப் பார்க்க ஒப்புக்கொள்ளும் மருத்துவமனையின் கடிதத்தை இணையுங்கள். தொடர்ந்து போன் செய்து விசாரிக்கும் ஊழியருக்கான சம்பளத்தையும் பட்ஜெட்டில் தயங்காமல் போடுங்கள்.

அப்புறம், பணம் முன்பே வருமா, செலவழித்த பின் ரசீது காட்டித்தான் வாங்க வேண்டுமா என்று விதிமுறையில் பாருங்கள். இரண்டாவது வகை என்றால் முதல் சில மாதங்களுக்குக் கையிருப்பு தேவைப்படும்.

மதிப்பீட்டாளர்களின் குறிப்பு கிடைத்தால் இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்ப்போம்.