இந்தியாவில் வளர்ந்த 17 வயதுக் கூடைப்பந்து வீரர் வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராக வாய்ப்பு எந்த அளவுக்கு இருக்கிறது?

கேள்வியின் விவரப் பகுதியைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேட்டவரின் தம்பிக்கு 17 வயது. உயரம் 6 அடி 6 அங்குலம். 18 வயதுக்குட்பட்டோருக்கான மாநில அணியில் ஆடியிருக்கிறார். ஐரோப்பாவில் நடக்கும் தேர்வு முகாமுக்கு அழைத்துச் செல்வதாக ஓர் ஏஜென்ட் முன்வந்து, மூன்றரை லட்சம் ரூபாய் முன்பணம் கேட்டிருக்கிறார். தயங்கிய பெற்றோரிடம், "சத்னம் சிங்கால் முடிந்தது உங்கள் பையனால் முடியாதா?" என்றாராம்.

நான் கல்லூரி அணிக்கும் பல்கலைக்கழக அணிக்கும் ஆடியவன்; இப்போது கோவையில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறேன். சத்னம் சிங்கின் கதையை அந்த ஏஜென்ட் முழுவதும் அறிந்துதான் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால், அதை நீங்கள் முழுவதும் அறிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் பிறந்த சத்னம், லூதியானா அகாடமியில் பயிற்சி பெற்று, 2010-இல் தம் 14-ஆவது வயதில், உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள விளையாட்டுப் பயிற்சிப் பள்ளியான ஐ.எம்.ஜி. அகாடமிக்குச் சென்றார். அப்போது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2015 ஜூனில், அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யின் டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு), 7 அடி 2 அங்குல உயரமுள்ள அந்த இளைஞரை டல்லஸ் மாவரிக்ஸ் அணி 52-ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வானது அதுவே முதல் முறை என்பதால் நம் செய்தித்தாள்கள் எல்லாம் கொண்டாடின. அதன் பிறகு நடந்ததைப் பலர் கவனிக்கவில்லை. டல்லஸின் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு பருவங்கள் இருந்தார். ஆடியதைவிட பெஞ்சில் உட்கார்ந்திருந்ததே அதிகம். என்.பி.ஏ. முதன்மைப் போட்டி ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. 2017-இல் இந்தியா திரும்பி இங்குள்ள லீக்கில் ஆடினார், பிறகு கனடாவில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்கு ஆடினார், 2021-இல் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

இதை அவருடைய திறமைக் குறைவு என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நியாயமாகாது. அவர் தேர்வான அதே மாதத்தில்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்திலிருந்து தன் ஏழடி சென்டரான ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க வரிசையிலிருந்து விலக்கி, 6 அடி 6 அங்குல உயரமுள்ள ஆந்த்ரே இகுடாலாவை இறக்கிக் கோப்பையை வென்றது. கூடைக்கு அருகே நின்று பந்தைத் தடுப்பது மட்டுமே ஒரு சென்டரின் வேலை என்றிருந்த காலம் அதோடு முடிந்துகொண்டிருந்தது. மூன்று புள்ளிக் கோடு வரை ஓடிவந்து, பந்தைக் கொண்டுவரும் எதிரணியின் கார்டுகளைப் பக்கவாட்டில் நகர்ந்து மறிக்கத் தெரியாத உயரமான ஆட்டக்காரருக்கு அங்கே இடம் குறைந்துகொண்டே போனது.

ஆனாலும், அதைவிடப் பெரிய காரணம் வேறு ஒன்று என்பது என் கருத்து. பள்ளி முடித்த கையோடு டிராஃப்டில் சேர முடியாது என்று 2005-இல் வயது விதி மாறிய பிறகு, கல்லூரி அணியிலோ, வெளிநாட்டுத் தொழில்முறை அணியிலோ, என்.பி.ஏ.யின் துணை லீக்கிலோ ஒருமுறைகூட ஆடாமல் டிராஃப்டில் தேர்வான முதல் வீரர் சத்னம்தான். இதைச் சாதனையாக எழுதினார்கள். எனக்கு அது எச்சரிக்கையாகவே படுகிறது. 14 முதல் 19 வயது வரை அவர் எதிர்கொண்டவர்கள் பெரும்பாலும் பள்ளி மாணவர்கள். வளர்ந்த ஆண்களின் தோளிடியை வாங்கி, தோற்றால் ஊதியம் குறையும், வேலை போகும் என்ற நெருக்கடியில் ஆடும் போட்டிகள் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பக்கத்திலேயே ஒப்பிட ஒருவர் இருக்கிறார். பின்னாளில் என்.பி.ஏ.யின் பெரும் நட்சத்திரமான செர்பியாவின் நிக்கோலா யோக்கிச் 2014 டிராஃப்டில் 41-ஆவது வீரராக டென்வர் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். வரிசையில் சத்னமுக்கும் அவருக்கும் பெரிய இடைவெளி இல்லை. தேர்வானதும் அவர் விமானம் ஏறிவிடவில்லை. இன்னும் ஓர் ஆண்டு செர்பியாவின் மேகா அணியிலேயே இருந்து, அந்த வட்டார நாடுகளின் கிளப்புகள் ஆடும் ஏட்ரியாட்டிக் லீக்கில் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்று, 2015-இல்தான் டென்வருக்குச் சென்றார். அவரும் வேகமானவர் அல்லர்; உயரத் தாவுபவரும் அல்லர். ஆனால், ஓர் ஆட்டத்தின் கடைசி நான்கு நிமிடங்களில் பந்தை யாரிடம், எப்போது கொடுக்க வேண்டும் என்பதைப் பதின்ம வயதிலேயே பெரியவர்களோடு ஆடிக் கற்றிருந்தார். இன்னொரு நட்சத்திரமான அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி 1999-இல் 57-ஆவது வீரராகத் தேர்வாகி, இத்தாலியில் ஆடி, 2001-இல் போலோனியா அணியுடன் ஐரோப்பிய கிளப்புகளின் உயர்மட்டப் போட்டியான யூரோலீக் கோப்பையை வென்று, அதன் பின் 2002-இல்தான் என்.பி.ஏ.யின் சான் அன்டோனியோ அணிக்கு வந்தார். என்.பி.ஏ. நட்சத்திரம் யானிஸ் ஆடெடோகும்போ கிரீஸின் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து வந்தவர் என்று சிலர் இளக்காரமாகச் சொல்வதுண்டு. இரண்டாம் நிலையானாலும் அது பெரியவர்களின் லீக் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே, உங்கள் தம்பியின் வாய்ப்பைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஏஜென்ட் அழைக்கிறார் என்பதன்று. அடுத்த மூன்று ஆண்டுகளில், தம்மைவிடப் பெரியவர்களோடு, வாரம் எத்தனை நிமிடங்கள் அவர் ஆடப்போகிறார் என்பதே.

என்.பி.ஏ. கணக்கை மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன். 30 அணிகள், அணிக்கு 15 வீரர்கள், அவர்களுக்கு மேல், துணை லீக்குக்கும் என்.பி.ஏ.வுக்கும் மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்தத்தில் மூவர். ஆக 540 இடங்கள். 2023-24 பருவம் தொடங்கியபோது அவற்றில் 40 நாடுகளைச் சேர்ந்த 125 வெளிநாட்டவர் இருந்தார்கள். இந்தியாவில் வளர்ந்த ஒருவர் இதுவரை அங்கே ஓர் ஆட்டம் ஆடியதில்லை. 2015-இல் சாக்ரமென்டோ அணிக்கு ஆடிய, இந்திய வம்சாவளியினரான சிம் புல்லர் கனடாவில் பிறந்தவர். டிராஃப்டில் முதல் சுற்றில் தேர்வானால் முதல் இரண்டு ஆண்டு ஊதியம் உறுதி. இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் கிடையாது. துணை லீக்கான ஜி லீக்கில் ஒரு பருவத்துக்கு 2023-24-இல் சுமார் 40,000 டாலர்தான் ஊதியம்.

தொழில்முறைக் கூடைப்பந்து என்பது என்.பி.ஏ. மட்டுமன்று. ஸ்பெயின், துருக்கி, லிதுவேனியா, ஆஸ்திரேலியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று எத்தனையோ நாடுகளில் ஊதியம் தரும் லீக்குகள் இருக்கின்றன. அங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் வருகிறது. அதைப் பற்றி ஏஜென்ட்டுகள் வாய் திறப்பதே இல்லை. ஏறத்தாழ எல்லா லீக்குகளிலும் வெளிநாட்டு வீரர்களுக்கு உச்சவரம்பு உண்டு. ஸ்பெயினின் முதன்மை லீக்கில், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களில் இருவரை மட்டுமே ஓர் அணி களமிறக்கலாம்; ஒன்றியத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகள் என்ற வகையில் ஆப்பிரிக்க, கரீபிய நாட்டவர் பலர் அந்த வரம்பிலிருந்து தப்பிவிடுகிறார்கள், இந்தியருக்கு அந்தச் சலுகை இல்லை. இருக்கும் இரண்டு இடத்தையும் ஒரு கிளப் யாருக்குக் கொடுக்கும்? அமெரிக்கக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்து, வந்த முதல் வாரமே 20 புள்ளிகள் எடுக்கக்கூடிய ஒருவருக்குத்தான். வளர்த்தெடுக்க வேண்டிய 18 வயதுப் பையனுக்கு உள்நாட்டு இடத்தைத் தருவார்களே தவிர, வெளிநாட்டு இடத்தைத் தர மாட்டார்கள். ஜப்பானின் பி லீக் 2020-இல் ஆசிய வீரர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கியதும், பிலிப்பைன்ஸிலிருந்து தெர்டி ரவேனா போன்ற இளைஞர்கள் வரிசையாக அங்கே போனார்கள். தொடக்கத்தில் சீனா, தைவான், தென்கொரியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன, இந்தியா இல்லை. திறமையைப் போலவே பாஸ்போர்ட்டும் ஒருவரின் விலையைத் தீர்மானிக்கும் தொழில் இது.

இத்தனைக்கும் இடையில் நம்மவர் சிலர் போயிருக்கிறார்கள். அம்ஜோத் சிங்கும் அம்ரித்பால் சிங்கும் ஜப்பானின் டோக்கியோ எக்ஸலன்ஸ் அணிக்கு ஆடினார்கள். அதன் பின் அம்ஜோத் ஜி லீக்கில் ஒக்லஹோமா சிட்டி புளூ அணியிலும், அம்ரித்பால் 2017-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணியிலும் இடம்பெற்றார்கள். இருவருமே அதற்கு முன் இந்திய அணிக்காக ஆசியப் போட்டிகளில் பல ஆண்டுகள் ஆடியவர்கள். சிட்னிக்குப் போகும்போது அம்ரித்பாலுக்கு 26 வயது. தென்னக ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் அவர்களுக்கெல்லாம் முன்பே, 2006-இல், ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடியவர். 2011-இல் அமெரிக்க மகளிர் லீக்கின் மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இவர்கள் மூவருக்கும் வழி திறந்தது, இங்கே பெரியவர்களோடு ஆடிப் பெற்ற பெயரால்.

எங்கள் மைதானத்தில் ஆடிய பையன் ஒருவன் கிழக்கு ஐரோப்பிய நாடு ஒன்றில் இரண்டாம் நிலை லீக்கில் ஒரு பருவம் ஆடினான். அவனுடைய ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மாதம் 700 யூரோ, மூவர் சேர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறை, மதிய உணவு, ஒருமுறை போய்வர விமானச் சீட்டு. சேர்ந்த இரண்டு நாளுக்குள் மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், தேறாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது, திரும்பும் செலவு அவனுடையது. காயத்தால் முப்பது நாளுக்கு மேல் ஆட முடியாவிட்டால் கிளப் விலகிக்கொள்ளலாம். ஜனவரி வரை ஊதியம் தவறாமல் வந்தது. அணி பட்டியலில் கீழே இறங்கியதும் தாமதமாகத் தொடங்கியது. கடைசி இரண்டு மாதப் பணம் இன்றுவரை வரவில்லை. பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா இத்தகைய வழக்குகளுக்கென்றே 2007-இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் தீர்ப்பாயத்தை அமைத்திருக்கிறது. ஆனால், பிணக்கு எழுந்தால் அந்தத் தீர்ப்பாயத்திடம் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் அது விசாரிக்கும். அவனுடைய ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லை. இருந்தும் அவன் போனதற்காக வருந்தவில்லை. திரும்பி வந்தவனின் ஆட்டத்தில் தெரிந்த நிதானம் இங்குள்ள எந்தப் பயிற்சியாளரும் கொடுத்திருக்க முடியாதது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் தம்பிக்கு வருகிறேன். அவருக்கு 18 வயது நிறையும் முன் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாற ஃபிபா விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகளே உண்டு. ஆகவே, இந்த ஆண்டு நடக்கும் முகாமில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் உடனே ஒப்பந்தம் கிடைக்க வழியில்லை. இதை ஏஜென்ட் உங்களிடம் சொன்னாரா?

6 அடி 6 அங்குலம் என்பது நம் மாநில அணியில் உள்ளே நிற்கும் உயரம். வெளிநாட்டில் அது பக்கவாட்டு ஆட்டக்காரரின் உயரம். கூடையின் கீழ் நின்று ரீபவுண்ட் பிடித்தே பழகியிருந்தால், பந்தைத் தட்டிச் செல்வதையும் தொலைவிலிருந்து எறிவதையும் இந்த இரண்டு ஆண்டுகளில் கற்றே ஆக வேண்டும். பயிற்சியாளர்கள் இங்கே வெற்றிக்காக உயரமான பையனை உள்ளேயே நிறுத்திவிடுவது வழக்கம். இதை அவருடைய பயிற்சியாளரிடம் மரியாதையோடு, ஆனால் அழுத்தமாகப் பேசுங்கள்.

எனக்குச் சரியென்று படும் வழி அமெரிக்கக் கல்லூரி. கல்லூரிப் போட்டிகளின் உயர்மட்டமான முதல் பிரிவில் ஆட வேண்டுமானால் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 தரப்புள்ளியும் வேண்டும். நம் ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல்களை அவர்கள் வாங்கிப் பார்ப்பார்கள். அது எட்டாவிட்டால் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளும் ஈராண்டுக் கல்லூரிகளும் இருக்கின்றன. 2021 முதல் அங்கே மாணவ வீரர்கள் விளம்பரப் பணம் பெறலாம் என்றானது. அதனால் ரியல் மாட்ரிட்டில் வளர்ந்த எகோர் டியோமின் போன்ற ஐரோப்பிய இளைஞர்களே கல்லூரிக்குப் போகிறார்கள். கல்லூரிக்குப் போகாத இளைஞர்களுக்கென்று நடத்தப்பட்ட, நம் பிரின்ஸ்பால் சிங் ஆடிய ஜி லீக் இக்னைட் அணி 2024-இல் மூடப்பட்டதற்கும் இதுவே முக்கியக் காரணம். மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்த விளம்பரப் பணத்தை ஈட்டுவதில் தடைகள் உண்டு என்பதால் அதை நம்பிப் போக வேண்டாம். படிப்புச் செலவில்லாமல் நான்கு ஆண்டு தரமான போட்டிகள் கிடைப்பதே பெரிய ஆதாயம். இடம் இறுக்கமாகிவிட்டது என்பதும் உண்மை, பழைய வீரர்கள் கல்லூரி மாறி மாறி ஆடுவதால் புதிதாக வருபவருக்குக் காத்திருப்பு அதிகம்.

வீட்டில் இன்னொரு பேச்சும் எழுந்திருக்கும்: ரயில்வேயிலோ வங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஆனால், ரயில்வே ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை. சாதனைச் சான்றிதழ்களும் அண்மை ஆண்டுகளுக்குரியவையாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு 22 வயதில் திரும்பினால், கையில் நாட்டுக்குள் ஆடிய புதிய சான்றிதழ் இருக்காது. மீண்டும் ஒரு தேசியப் போட்டியில் ஆடி முடிப்பதற்குள் மிச்சமிருக்கும் காலம் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு போவது வேறு, திரும்பி வந்து தெரிந்துகொள்வது வேறு.

மூன்றரை லட்சத்தைக் கட்ட வேண்டாம். அந்த ஏஜென்ட்டின் பெயர் ஃபிபா உரிமம் பெற்றவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் தளத்தில் தேடிப் பாருங்கள். முறையான ஏஜென்ட்டுக்கு வருமானம், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஊதியத்தின் ஒரு பங்காகவோ கிளப்பிடமிருந்தோதான் வரும். அந்தப் பணத்தில் சிறு பகுதியைக் கொண்டு தம்பியின் இரண்டு முழு ஆட்டங்களைத் தெளிவாகப் படம்பிடியுங்கள், அவற்றில் ஒன்று அவருடைய அணி தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடப் படத்தை எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் முழுமையாக நம்புவதில்லை. பந்து கையில் இல்லாதபோது பையன் என்ன செய்கிறான் என்பதைத்தான் அவர்கள் தேடுவார்கள். அதற்கிடையே, பெரியகுளம், கோவை என்று கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளில் ஏதாவது ஒரு கிளப் அணியில் அவரைச் சேர்த்துவிட முடியுமா என்று பாருங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற அணிகளின் ஆட்டக்காரர்களிடம் இருபது நிமிடம் இடிபட்டு வந்தால், அவர் எங்கே நிற்கிறார் என்பது உங்களுக்கும் அவருக்கும் தெரிந்துவிடும்.