ஐஎஸ்ஓ 9001: ஒவ்வொரு துறைக்கும் தர இலக்கு வைப்பது எப்படி?

கேள்வி: கொழும்பில் ஒரு நடுத்தரக் கம்பனியில் வேலை செய்கிறேன். ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் எடுப்பதற்காக எல்லாத் துறைகளும் தலா மூன்று தர இலக்குகள் எழுதித் தர வேண்டுமாம். கணக்குப் பிரிவுக்கும் எச்.ஆருக்கும் எதை எழுதுவது?

பதில்:

தலா மூன்று என்று எந்த விதியும் இல்லை. ஐஎஸ்ஓ 9001 என்ற சர்வதேசத் தர முகாமைத்துவ நியமத்தின் 2015 பதிப்பில் 6.2 பிரிவு கேட்பது, தொடர்புடைய துறைகளிலும் மட்டங்களிலும் செயன்முறைகளிலும் இலக்கு இருக்க வேண்டும் என்பதைத்தான். எது தொடர்புடையது என்று முடிவெடுப்பது உங்கள் கம்பனியின் வேலை. ஒரு துறையை விட்டுவிட்டால் அதற்கான காரணத்தைச் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

அதனால் துறைகளின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வாடிக்கையாளருக்கு எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். நான் கிராண்ட்பாஸ் பக்கம் அட்டைப்பெட்டி அச்சிடும் ஒரு தொழிற்சாலையில் தரப் பிரிவைப் பார்க்கிறேன். எங்களிடம் பெட்டி வாங்குகிறவர்களில் பலர் தேயிலை ஏற்றுமதியாளர்கள். பெட்டி பிந்தினால் அவர்களுடைய கொள்கலன் கப்பலைத் தவறவிடும். நிறம் போன தடவை போல இல்லாவிட்டால் கடையில் ஒரே தேயிலை இரண்டு தேயிலை மாதிரித் தெரியும். இந்த இரண்டு வலிகளுக்கும் யார் யார் காரணம் என்று பின்னோக்கிப் போனால் துறை இலக்குகள் தாமாகவே வந்து நிற்கும்.

பிந்திய ஓடர்களின் கோப்புகளை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று எழுதிப் பாருங்கள். சில, கடன் எல்லை தாண்டியதால் கணக்குப் பிரிவின் அனுமதிக்குக் காத்திருந்திருக்கும். அப்படியானால் கணக்குப் பிரிவின் இலக்கு, அப்படிப்பட்ட ஓடருக்கு ஒரு வேலை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்வது. சில, அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டும் டை கட்டிங் மெஷினை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் லீவில் இருந்ததால் நின்றிருக்கும். எச்.ஆரின் இலக்கு அங்கேதான் இருக்கிறது: டிசம்பருக்குள் ஒவ்வொரு முக்கிய மெஷினுக்கும் பயிற்சி பெற்ற இரண்டு பேர். ஆளுக்கு இத்தனை மணிநேரப் பயிற்சி என்று எழுதினால் மணிநேரம் நிரம்பும், மெஷின் நிற்பது நிற்காது.

தனித்தனியாக எழுதும் இலக்குகள் ஒன்றோடொன்று மோதும். இதைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். ஸ்டோர்ஸின் இலக்கு இருப்புக் கணக்குத் துல்லியம் 99 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்ப்பதற்காகப் பலகை மேல் வந்த அட்டைத் தாள்களின் பொலித்தீன் உறையைக் கிழித்துவிடுவார்கள். கொழும்புக் காற்றின் ஈரப்பதன் சும்மா விடுமா? தாள் ஈரத்தை இழுத்து ஓரம் வளையும். அச்சுக்குப் போனதும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. கழிவு முழுக்க அச்சுப் பிரிவின் கணக்கில் ஏறும், ஸ்டோர்ஸ் மட்டும் மாதாமாதம் இலக்கைத் தொட்டிருக்கும். கொள்வனவுப் பிரிவுக்கு விலைக் குறைப்பை மட்டும் இலக்காகக் கொடுத்தாலும் இதே கதைதான். துறைகளுக்கு இடையிலான தடைகளை உடைக்கச் சொன்ன அமெரிக்கத் தர முகாமைத்துவ அறிஞர் டெமிங், நிர்வாகத்துக்காகத் தான் எழுதிய 14 அம்சங்களில் எண் இலக்குகளால் நிர்வகிப்பதையும் கைவிடச் சொன்னது இப்படிப்பட்ட விளைவுகளைப் பார்த்துத்தான். ஐஎஸ்ஓவில் அளக்கக்கூடிய இலக்கு இல்லாமல் முடியாது. ஆனால் அச்சுக் கழிவை அச்சு, ஸ்டோர்ஸ், கொள்வனவு மூன்றுக்கும் பொது இலக்காக வைக்க எந்தத் தடையும் இல்லை. மாதக் கூட்டத்தில் மூன்று மனேஜர்மாரும் ஒரே எண்ணுக்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொன்று: முறைப்பாடுகளின் எண்ணிக்கையைக் குறைப்போம் என்று விற்பனைப் பிரிவுக்கு இலக்கு வைக்காதீர்கள், தயவுசெய்து. தொலைபேசியில் வந்த முறைப்பாட்டைப் பதிவேட்டில் எழுதாமல் விடுவதுதான் அந்த இலக்கை அடைய ஆகச் சுலபமான வழி. முறைப்பாடு வந்து எத்தனை நாளில் காரணம் கண்டுபிடித்துப் பதில் கொடுத்தோம், அதே காரணத்தால் மறுபடி வந்ததா என்று அளந்தால் எழுதுகிறவர் பயப்படாமல் எழுதுவார்.

இலக்கோடு திட்டமும் வேண்டும். என்ன செய்யப் போகிறோம், என்ன வளம் தேவை, யார் பொறுப்பு, எப்போது முடியும், பலனை எப்படி மதிப்பிடுவோம் என்ற ஐந்தையும் 6.2.2 கேட்கிறது. தரக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். அப்புறம், இன்றைய நிலை தெரியாமல் எண்ணை எழுதாதீர்கள். 82 வீத ஓடர்கள் நேரத்துக்குப் போகின்றன என்று தெரிந்தால்தான் 90 என்பதற்குப் பொருள் உண்டு.

இலக்குகளை ஆங்கிலத்தில் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினால் காரியம் முடிந்துவிடாது. தன் வேலைக்குரிய இலக்கு ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 7.3. ஓடிட்டர் நேரே மெஷின் ஒபரேட்டரிடம் போய்க் கேட்கலாம். அந்த மெஷினுக்குரிய இலக்கையும் போன மாத எண்ணையும் சிங்களத்திலும் தமிழிலும் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

ஏதாவது ஒரு இலக்கு மாதாமாதம் 100 வீதமே காட்டிக்கொண்டிருந்தால், முகாமைத்துவ மீளாய்வில் அதை எடுத்துவிட்டு, அப்போதைக்கு வலிக்கிற வேறொன்றை வையுங்கள். தேவைக்கேற்ப இலக்குகளைப் புதுப்பிக்கச் சொல்வதும் அதே 6.2 தான்.