மகன் மெதுவாகச் சறுக்குகிறான் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

கேள்வி: வணக்கம் அண்ணா. மகனுக்குப் பத்து வயது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் யு11 (பதினொரு வயதுக்கு உட்பட்டோர்) ஹவுஸ் லீக்கில், அதாவது உள்ளூர்ப் பொழுதுபோக்கு லீக்கில், ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். பக்கை (ஹொக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டை)க் கையாள்வதில் குறையில்லை, ஆனால் மற்றப் பிள்ளைகள் அவனை முந்திப் போய்விடுகிறார்கள். வலது பக்கம் திரும்பினால் விழுகிறான். "ஸ்கேற்றிங் வேகம் காணாது" என்று கோச் சொல்லிவிட்டார். ஸ்கேற்றிங் ட்ரெட்மில்லில் தனிப்பயிற்சிக்கு அனுப்பலாம் என்கிறார் என் கணவர். பாரமான மேலங்கி போட்டு ஓடினால் வேகம் வரும் என்றும் ஆட்கள் சொல்கிறார்கள். காசைக் கட்டலாமா?
– ஒரு தாய், மார்க்கம்

பதில்:

தங்கச்சி, இப்போதைக்குக் கட்டாதீர்கள். விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காலில் பலம் குறைந்த பிள்ளை இரண்டு பக்கமும் திணறும். ஒரு பக்கம் மட்டும் விழுகிறான் என்றால், ஸ்கேற்றின் அடியில் உள்ள பிளேட்டின் (உலோகத் தகட்டின்) விளிம்பை அந்தப் பக்கம் நம்பி அவனால் இன்னும் சாய முடியவில்லை. அதைப் பனியில் நின்றுதான் பழக வேண்டும்.

அதற்கு முன் சப்பாத்தைப் பாருங்கள். "அடுத்த வருசமும் போடலாம்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். ஹொக்கி ஸ்கேற்றில் அந்தச் சிக்கனம் வேண்டாம். சாதாரணச் சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் குறைவாகத்தான் ஸ்கேற் பெரும்பாலும் அமையும். நாடாவைத் தளர்த்தி, மகனின் கால்விரல்கள் முன்னால் முட்டும்படி நிற்கவிட்டு, குதிக்காலுக்குப் பின்னால் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல் போனால் சரி. இரண்டு விரல் போனால் பெரிது. உள்ளே குதி எழும்பும், கணுக்கால் சாயும், பிள்ளை எவ்வளவு அழுத்தினாலும் அந்த அழுத்தம் பிளேட்டுக்குப் போய்ச் சேராது.

பிளேட்டின் அடியில் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் இரண்டு கரைகள்தான் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். நகத்தை விளிம்பின் மேல் மெதுவாகக் குறுக்கே இழுத்தால் கொஞ்சம் தூள் சுரண்டுப்பட வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தீட்டக் கொடுங்கள். மகனின் வலது ஸ்கேற்றின் வெளிவிளிம்பை முதலில் பாருங்கள். அது மழுங்கியிருந்தால் வலது பக்கம் திரும்பும்போது யாரும் விழத்தான் செய்வார்கள். கவர் போடாமல் சீமெந்துத் தரையில் இரண்டு அடி நடந்தாலே விளிம்பு போய்விடும்.

அது சரியாக இருந்தால் இன்னொன்று செய்யுங்கள். பனித்தளத்தை மெழுகிச் சமன்படுத்தும் சம்போனி வண்டி ஓடி முடித்து, தண்ணீர் இறுகி, தரை கண்ணாடி மாதிரிக் கிடக்கும்போது மகனை முதல் ஆளாக இறக்குங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகட்டும். பிறகு அவன் போன தடத்தைக் குனிந்து பாருங்கள். நன்றாக உந்துகிற பிள்ளையின் தடம் பக்கவாட்டில் சரிந்து நீளமான கோடாக ஓடும். அடுத்த காலின் கோடு அதற்கு எதிர்ப்பக்கம் விரியும். பனியில் ஓடப் பார்க்கிற பிள்ளையின் கோடுகள் குட்டையாக இருக்கும், இடையிடையே கோழி கிளறின மாதிரிச் சின்னச் சின்னக் கொத்தல்கள் தெரியும். தரையில் ஓடுவது போல நுனியால் பின்னுக்கு உதைத்த அடையாளம் அது. பனியில் அப்படி உதைத்தால் பிளேட் வழுக்கும். பக்கவாட்டில் தள்ளினால்தான் விளிம்பு பிடிக்கும், கால் முழுக்க நீண்ட பிறகு கடைசியில்தான் நுனி ஒரு சொடுக்குக் கொடுக்கும். உந்திய கால் திரும்ப உடம்புக்குக் கீழே வந்து நின்றால் அடுத்த உந்தும் நீளமாக வரும்.

இதெல்லாம் முழங்கால் மடங்கினால்தான் நடக்கும். மகன் நின்றபடி கீழே பார்க்கும்போது முழங்கால் கால் நுனியை மறைக்க வேண்டும், நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளில் பல பேர் நிமிர்ந்து நின்றபடியே சறுக்குகிறார்கள். நிமிர்ந்த காலில் உந்துவதற்கு நீளம் ஏது?

இனி வலது பக்கம். பொது ஸ்கேற்றிங் நேரத்தில் எல்லோரும் ஒரே திசையில்தான் சுற்றுவார்கள், பெரும்பாலும் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த் திசையில். அதாவது எப்போதும் இடது பக்கத் திருப்பம். நூறு சுற்றுப் போன பிள்ளைக்கு வலது பக்கம் ஒரு சுற்றுப் பழக்கம்கூட இருக்காது. ஆகவே பயிற்சி வட்டத்தில் வலது பக்கத்தை முதலில் செய்யட்டும், இடது பக்கத்தைவிட இரண்டு மடங்கு செய்யட்டும். வலது காலில் மட்டும் நின்று, வெளிவிளிம்பில் சாய்ந்து ஒரு வளைவு போகட்டும். அது வந்த பிறகு இடது காலை மேலால் தூக்கி வைக்கும் குரொஸ்ஓவர். அவசரம் வேண்டாம்.

குரொஸ்ஓவர் வெறும் திரும்பும் வித்தை இல்லை, வேகம் கூட்டும் வழியும் அதுதான். உங்களுக்கு வடக்கே நியூமார்க்கெற்றில் வளர்ந்த கொனர் மக்டேவிட், என்எச்எல் (வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்) அதிவேகச் சறுக்குப் போட்டியை 2017, 2018, 2019, 2024 என நான்கு முறை வென்றவர். அவருடைய ஆட்டத்தை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். நடுத்தரையில் பக்கோடு வரும்போது நேராக வராமல் குரொஸ்ஓவர் போட்டுப் போட்டு வேகம் எடுப்பார். எதிரில் நிற்பவருக்கு அவர் எந்தப் பக்கம் போவார் என்று தெரியாது. விளிம்பின் அருமை தெரிந்ததால்தான், 1984இல் ஜோடி ஃபிகர் ஸ்கேற்றிங்கில் உலகப் பட்டம் வென்ற பார்ப் அண்டர்ஹில்லை ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியினர் தங்கள் வீரர்களுக்குச் சறுக்கல் பயிற்சியாளராக வைத்திருந்தார்கள்.

வேகப் பயிற்சி என்றால் களைக்கக் களைக்க ஓடவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. களைத்த பிள்ளை முழங்காலை நிமிர்த்திவிடும், உந்து குட்டையாகும், அந்தப் பிழையைத்தான் உடம்பு மனப்பாடம் செய்யும். கோல் கோட்டிலிருந்து, பனித்தளத்தின் குறுக்கே ஓடும் நீலக்கோடு வரை முழு வேகத்தில் சில செக்கன் போனால் போதும். பிறகு மூச்சு அடங்கும் வரை நிற்கட்டும். ஆறு தடவை செய்தால் அன்றைக்குக் காணும். முதல் மூன்று அடி சின்னதாக, சடசடவென்று. அதற்குப் பிறகு நீட்டட்டும். பாரமான மேலங்கி இந்த வயதுக்கு வேண்டாம். பாரம் ஏறினால் சறுக்கும் முறையே மாறிவிடும்.

சரி, சுறுசுறுப்புக்கு? நீங்கள் ஊரில் கிளித்தட்டு விளையாடியிருப்பீர்கள். கோட்டில் மறிக்கிற ஆளின் கண்ணைப் பார்த்து, இடது பக்கம் போவதாகக் காட்டி, வலது பக்கத்தால் பாய்ந்து போனீர்களே, அதுதான். கூம்புகளைச் சுற்றி வளைந்து போவது திரும்பப் பழக்கும், ஆனால் கூம்பு அசையாது, ஏமாற்றாது. ஹொக்கியில் எதிரில் நிற்பவர் அசைகிறார். மகனையும் கூட்டாளிகள் நாலு பேரையும் முற்றத்தில் கிளித்தட்டு விளையாட விடுங்கள். கெந்தி விளையாடட்டும், ஒற்றைக்கால் சமநிலை அதில் வரும். குளிர்காலத்தில் நகரசபையின் திறந்தவெளிப் பனித்தளங்களில் ஹெல்மெற் போட்டு ஓடிப்பிடித்து விளையாடட்டும். கோடையில் ஹொக்கியை விட்டுவிட்டு உதைபந்தாட்டமோ நீச்சலோ போகட்டும். ஒரே அசைவை வருசம் முழுக்கச் செய்வது இடுப்புக்கு நல்லதில்லை.

இன்னும் இரண்டு மூன்று வருசத்தில் அவன் ஒரேயடியாக நெடுத்து வளர்வான். அப்போது சில மாதம் கைகால் சொல்வழி கேட்காது, வேகம் குறைந்தது போலவும் தெரியும். பயப்படாதீர்கள்.

காசு கட்டியே ஆக வேண்டும் என்று உங்கள் கணவர் நின்றால், சின்னக் குழுவாக விளிம்பு பழக்கும் பவர் ஸ்கேற்றிங் வகுப்புக்குக் கட்டுங்கள். சேர்க்கும் முன் ஒரு நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பாருங்கள். வலமும் இடமும் ஒரே அளவு பழக்குகிறார்களா? விழுந்த பிள்ளையிடம் கோச் என்ன சொல்கிறார்? விளிம்பில் சாய்ந்து பார்க்கிற பிள்ளை விழத்தான் செய்யும். "நல்லாச் சாய்ந்தாய், இன்னொருக்கா போ" என்று சொல்கிற கோச்சிடம் மகனை விடுங்கள்.