அத்தானின் வட்டியில்லாக் கடனுக்கு 35 வீத வட்டி

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறேன், வயது 47. நான் உணவகத்தில் சமையல் வேலை, மனைவி பள்ளிக் கன்டீனில். 2022இல் தென்மேற்குப் பிரான்சின் தோர்தோனில், சார்லாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில், நீச்சல் குளத்தோடு இரண்டு கல்வீடுகளை 168,000 யூரோவுக்கு வாங்கி, விடுமுறைக்கு வருபவர்களுக்கு வார வாடகைக்கு விடுகிறோம். நோத்தேர் (சொத்துப் பத்திரம் பதியும் சட்ட அலுவலர்) செலவோடு 181,000 ஆனது. வங்கிக் கடன் 150,000. லண்டன் அத்தான் (அக்காவின் கணவர்) 12,000 பவுண், அதாவது ஏறக்குறைய 14,000 யூரோ, வட்டியில்லாமல் தந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஓகஸ்டிலும் அவர் குடும்பமும் கனடா உறவுகளும் மூன்று வாரம் அங்கே வந்து நிற்பார்கள். லிவ்ரே ஆ சேமிப்புக் கணக்கில் வைத்திருந்த 6,500 யூரோ முடிந்துவிட்டது. இரண்டு கிரெடிட் கார்ட்களில் 7,700 யூரோ கடன், வட்டி 21 வீதம். மாதம் 230 கட்டியும் குறைகிற மாதிரித் தெரியவில்லை. எங்கள் காசு எங்கே போனது? ஜக்கூசி (சுடுநீர்த் தொட்டி) வைத்த, கண்ணாடி மாதிரித் தெரியும் இரண்டு குமிழ்க் கூடாரம் போட்டால் வருமானம் கூடும், 30,000 லோன் எடு என்கிறார் அத்தான். எடுக்கலாமா? அல்லது வீடுகளை விற்றுவிடவா?

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று வருடப் பதிவேட்டையும் வரிவரியாகப் பார்த்தேன். உங்கள் வீடுகள் நட்டத்தில் ஓடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க "தப்பான முதலீடு செய்துவிட்டோம்" என்று உங்களையே நோகிறீர்கள்.

கணக்கைக் குத்துமதிப்பாகப் போடுவோம். பெரிய வீடு கோடையில் வாரம் 1,150, சின்னது 800. ஜூலை, ஓகஸ்ட் எட்டு வாரமும் நிரம்பினால் 15,600. ஈஸ்டர், மே, ஜூன், செப்டெம்பர் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஏழு வாரம், பெரியது 600, சின்னது 420 வீதம் 7,140. ஆக 22,740. செலவுப் பக்கம்: உள்ளூர் வரிகள் 2,200, காப்புறுதி 800, மின்சாரம், தண்ணீர், குளத்து மருந்து, இணையம் 3,600, துப்புரவும் படுக்கை விரிப்பும் 2,250, பதிவுத் தளங்களின் கமிஷன் 2,700, சில்லறைத் திருத்தங்களும் கணக்காளரும் 1,700. மொத்தம் 13,250. வங்கிக்கு மாதம் 770, வருடத்துக்கு 9,240. இரண்டும் சேர்ந்து 22,490. கையில் நிற்பது 250 யூரோ. பெரிய லாபம் இல்லைதான். ஆனால் கடன் அடைந்துகொண்டே போகிறது, வீடு உங்களுடையதாகிக்கொண்டே வருகிறது. இருபது வருடக் கடனில் ஒரு குடும்பத்துக்கு இது மோசமான நிலைமை அல்ல.

ஆனால் உங்கள் பதிவேட்டில் அந்தக் கோடை எட்டு வாரமும் நிரம்பவில்லை. ஓகஸ்டில் மூன்று வாரத்துக்குக் குறுக்கே சிவப்பு மையில் "வீட்டாக்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வீடும், மூன்று வாரமும்: 1,950 தர 3, 5,850. தளத்துக்குக் கொடுக்காமல் மிஞ்சிய கமிஷனைக் கழித்தாலும் 5,000 யூரோ போகிறது. துப்புரவுக் காசும் மின்சாரமும் அந்த வாரங்களிலும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். மூன்று கோடைக்கு 15,000. இனி இதைப் பாருங்கள்: தீர்ந்துபோன சேமிப்பு 6,500, கார்ட்டில் ஏறியது 7,700, கூட்டினால் 14,200. உங்கள் காசு எங்கே போனது என்று கேட்டிருந்தீர்கள். இங்கேதான் போனது.

அத்தான் தந்தது 14,000. அதற்காக வருடத்துக்கு 5,000 யூரோ பெறுமதியான வாரங்கள் போகின்றன. 35 வீதம். உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்தக் கார்ட் கடனுக்குக்கூட 21 வீதம்தான். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதை நம்புகிறேன். ஒரு ஓகஸ்ட் வாரம் என்ன விலைக்குப் போகும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. வட்டி கேட்காமல் தந்தவரிடம் வாடகைக் கணக்குப் பேசுவதா என்று நீங்களும் வாயைத் திறக்கவில்லை. நம் வீடுகளில் இது எத்தனை தடவை நடப்பதைப் பார்க்கிறேன்! சீட்டுக் காசு என்றால் நாள் தவறாமல் எழுதி வைப்போம். சொந்தக்காரர் கைமாற்று என்றால் கொப்பியையே திறக்க மாட்டோம்.

இந்தப் பழக்கத்தின் விலை வாடகையோடு நிற்பதில்லை. போன வருடம் ஒல்லாந்துக் குடும்பம் ஒன்று ஓகஸ்ட் வாரத்துக்கு 300 யூரோ முன்பணம் கட்டியிருந்தது. கனடாவிலிருந்து ஆட்கள் கூடிவிட்டதால் அந்தப் பதிவை நீங்கள் ரத்துச் செய்தீர்கள். ஒப்பந்தத்தில் அந்தப் பணம் "ஆர்" (arrhes, வீட்டுக்காரர் ரத்துச் செய்தால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டிய முன்பணம்) என்று இருந்ததால் சட்டப்படி இரட்டிப்பாக 600 திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இன்னொரு சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு வெளியேற வேண்டிய வீட்டிலிருந்து உங்கள் உறவுகள் இரண்டு மணிக்குத்தான் வெளிக்கிட்டார்கள், பிள்ளைகள் நித்திரையாம். துப்புரவு செய்ய வந்த அம்மா வாளியோடு வெளிப்படியில் உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு வந்த பெல்ஜியக் குடும்பத்துக்கு ஈரம் காயாத தரை. அவர்கள் எழுதிவிட்டுப் போன மூன்று நட்சத்திரக் குறிப்பை இன்று பதிவு செய்ய நினைப்பவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள்.

சரி, குமிழ்க் கூடாரம். இதைப் பற்றி வாரம் ஒரு கடிதமாவது எனக்கு வருகிறது, அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இருட்டில் மின்னும் படங்களைப் பார்த்துக் காசு போடாதீர்கள். ஊருக்கு வெளியே விவசாய நிலமாகக் குறிக்கப்பட்ட இடத்தில் கட்டட அனுமதி எடுப்பது கஷ்டம். மேரியில் (நகரசபையில்) கேட்காமல் ஒரு சதம் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஜக்கூசித் தண்ணீரைக் குளிர்காலத்தில் சூடாக வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும், ஒவ்வொருவர் போன பிறகும் அதைக் கழுவித் துடைக்க யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருப்பது 500 கிலோமீற்றர் தள்ளி. 30,000 லோனை 6 வீதத்தில் ஏழு வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 440, வருடத்துக்கு 5,300. அந்தக் காசை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு ஓகஸ்டில் கொடுத்துவிடுகிறீர்கள். அதைத் திரும்பச் சம்பாதிக்கவா இன்னொரு கடன்? வேண்டாம். எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருகிறோம் என்ற விளம்பரங்களுக்கும் போகாதீர்கள். மாதத் தவணை குறையும், வருடங்கள் நீளும், மொத்தமாகக் கட்டுவது கூடும்.

இனிச் செய்ய வேண்டியது. கார்ட் கடனுக்கு மாதம் 135 யூரோ வட்டிக்கே போகிறது, 230இல் மிச்சம் 95தான் முதலைக் குறைக்கிறது. அதிலிருந்து அவசரத்துக்கு எடுத்து எடுத்து அந்த 95ஐயும் நிரப்பிவிடுகிறீர்கள். கம்பனிக்குக் கடிதம் எழுதி அந்தக் கடன் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. மீதியை வழக்கம்போலக் கட்டிக்கொண்டு வரலாம். முன்கூட்டிக் கட்டினாலும் அபராதம் இல்லை. இந்தக் கோடையில் திரும்பக் கிடைக்கும் 5,000த்தை அப்படியே கார்ட்டில் போட்டு, 230ஐயும் விடாமல் கட்டினால், அடுத்த தைப்பொங்கலுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும்.

அது முடிந்ததும் அத்தானின் 14,000. முதலில் அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எவ்வளவு, எப்போது தந்தது, எப்படித் திருப்புவது. பிரான்சில் 5,000 யூரோவைத் தாண்டிய தனியார் கடனை 2062 என்ற படிவத்தில் வரி அலுவலகத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். நீங்கள் அறிவிக்கவில்லை, பிந்தியாவது செய்யுங்கள். நாளைக்கு யாருக்காவது ஒன்று நடந்தால் பிள்ளைகளுக்கு அந்தத் தாள்தான் துணை. பிறகு மாதம் 250 வீதம் கட்டினால் ஐந்து வருடத்துக்குள் தீரும்.

வரி பற்றிச் சுருக்கமாக. உங்கள் வீடுகளுக்கு நட்சத்திரத் தரம் எடுக்கவில்லை. 2025 வருமானத்திலிருந்து தரமில்லாத விடுமுறை வீட்டுக்கு மைக்ரோ முறையில் (உண்மைச் செலவைக் காட்டாமல் நிலையான கழிவு எடுக்கும் முறை) வருட வருமான எல்லை 15,000, கழிவு 30 வீதம் மட்டும். தரம் எடுத்தால் 2025 வருமானத்துக்கு எல்லை 77,700 ஆக இருந்தது, கழிவு 50 வீதம். உங்கள் செலவு இதற்கெல்லாம் மேலே இருப்பதால் கணக்காளர் சொன்ன, உண்மைச் செலவைக் கழிக்கும் ரெயல் முறைதான் பொருத்தம். அதில் கட்டடத் தேய்மானத்தையும் கழிக்கலாம். ஆனால் 2025 பெப்ரவரி 15 முதல் விற்பவர்களுக்கு, கழித்த தேய்மானம் விற்பனை லாபக் கணக்கில் திரும்பச் சேரும். விற்பதா என்ற உங்கள் கேள்விக்கு அதையும் நோத்தேருக்குப் போன 13,000த்தையும் நினைவில் வையுங்கள். கோடை எட்டு வாரத்தையும் வாடகைக்கு விட்டு ஒரு வருடமாவது ஓட்டிப் பார்க்காமல் விற்கச் சொல்ல மாட்டேன்.

கடைசியாக, உங்களுக்குக் கஷ்டமான வேலை. அத்தானோடு நேரே தொடங்காமல் அக்காவோடு முதலில் பேசுங்கள். "வராதீங்கோ" என்று சொல்லத் தேவையில்லை. லண்டன் பள்ளிகளுக்கு மே கடைசியில் ஒரு வாரம் விடுமுறை உண்டு. அந்த வாரம் பிரான்சில் பள்ளி நடக்கும், உங்கள் வீட்டுக்கும் ஆட்கள் குறைவு. இரண்டு வீடும் அந்த வாரம் அவர்களுக்கு என்று சொல்லுங்கள், துப்புரவுக் காசு மட்டும் அவர்கள் கொடுக்கட்டும். ஓகஸ்ட் கடைசியில் லாச்சப்பல் பிள்ளையார் தேருக்கு வரும்போது உங்கள் பாரிஸ் வீட்டில் வந்து நிற்கட்டும். இடம் நெருக்கம்தான், ஆனால் அந்த இரண்டு நாளுக்கு 1,950 யூரோ ஆகாது.

கோடைக்கு வருபவர்கள் ஜனவரியிலிருந்தே இடம் தேடத் தொடங்கிவிடுவார்கள். பிந்தினால் அந்த வாரங்கள் விலை குறைத்துத்தான் போகும். இந்த ஞாயிறே அக்காவுக்குப் போன் எடுங்கள். பேசி முடித்த பிறகு ஓகஸ்ட் 1 சனி முதல் 22 சனி வரை காலண்டரைத் திறந்துவிடுங்கள். ஒழுங்கு மாற வேண்டாம்: அவர்கள் அதைத் தளத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டால் மனம் நோகும்.